டிவிக்கு ஆகாத திரவப்படிகம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டு இருந்த பதிவு. கொஞ்சம் பௌதிகம், கொஞ்சம் தறி, கொஞ்சம் குடும்பப் பஞ்சாயத்து. பௌதிகம்னதும் அடுத்த பதிவுக்குத் தாவிடாதீங்க மக்களே. பத்தாவது பாஸானவங்களுக்குப் புரியற மாதிரிதான் எழுதறேன். புரியலைன்னா பின்னூட்டத்துல திட்டுங்க, வாங்கிக்கறேன் :-)

விஷயம் இதுதான். ஃபெர்ரோஎலக்ட்ரிக் திரவப்படிகம்னு ஒரு சரக்கு இருக்கு. 1980-கள்ல இதை வெச்சு டிவி பண்ணிடலாம்னு பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இறங்கினாங்க. ஆகலை. ஆனா சரக்கு செத்துப் போயிடலை. எந்தக் குறைகளால டிவிக்கு ஆகலையோ, அதே குறைகளோட வேற ஒரு இடத்துல போய் உக்காந்து ஜோரா வேலை பார்க்குது. அந்த இடம் ஹோலோகிராம். அந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன்.

உத்திரமேரூர்ல டிவி, செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கறவனுக்கு இதுல என்ன அக்கறைன்னு கேப்பீங்க. நான் பி.எஸ்ஸி பௌதிகம். படிச்சது சோறு போடலை, ஸ்க்ரூ டிரைவர் போடுது. அக்கா பொண்ணு எங்களையெல்லாம் தாண்டிட்டா. எம்.எஸ்ஸி முடிச்சு, நெட் பரிட்சை எழுதி, ஜேஆர்எஃப் வாங்கி, ஒரு ஆய்வகத்துல பிஎச்.டி-க்கு இடமும் வந்தாச்சு. தலைப்பு, ஆமாம், ஃபெர்ரோஎலக்ட்ரிக் திரவப்படிகம். வீட்டுல கலவரம்.

அக்கா வீட்டுக்காரர் பட்டு நெசவு. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "எல்சிடி டிவியெல்லாம் போயி ஓஎல்இடி வந்துடுச்சுன்னு உன் கடைக்கு வர்றவன் எல்லாம் பேசறான். போன சரக்கைப் படிக்க இவ அஞ்சு வருஷம் போகணுமா? பி.எட் முடிச்சா வாத்தியார் வேலைக்கு எழுதலாம்ல?" அக்காவுக்கு வேற கவலை. "திரும்பி வரும்போது 28 ஆயிடும்டா. யாரு கேட்டு வருவா?" ரெண்டு பேரும் சேர்ந்து தீர்ப்பை என் தலையில கட்டிட்டாங்க. எனக்குத்தான் டிவி தெரியுமாம்!

சரி, தெரிஞ்சுக்கிட்டே பேசுவோம்னு மூணு வாரம் கடை சாத்தினப்புறம் படிச்சேன். பொண்ணும் சளைக்காம சொல்லிக்கொடுத்தா. படிச்சதோட சாரம் கீழே.

முதல்ல திரவப்படிகம்னா என்ன? 1888-ல பிராக் நகரத்துல ஃப்ரீட்ரிக் ரைனிட்சர்னு ஒரு தாவரவியல்காரர் கேரட்ல இருந்து எடுத்த கொலஸ்ட்ரால் சேர்மம் ஒண்ணைச் சூடு பண்ணிப் பார்த்தார். 145.5 டிகிரியில உருகி, கலங்கின திரவமா நின்னுது. 178.5 டிகிரியில மறுபடி 'உருகி'த் தெளிஞ்சுது. ஒரே பொருளுக்கு ரெண்டு உருகுநிலை. நடுவுல இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப்படிகம்.

தேரோட்டத்துல நிக்கற கூட்டத்தை நெனச்சுக்கோங்க. யாரும் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க, இடிச்சுக்கிட்டு நகர்ந்துக்கிட்டே இருப்பாங்க. அந்த வகையில திரவம். ஆனா எல்லார் முகமும் தேரைப் பார்த்தே இருக்கும். அந்த வகையில படிகம். மூலக்கூறு எல்லாம் நீளக் குச்சி மாதிரி இருக்கும், ஒரே திசையைப் பார்த்து நிக்கும், ஆனா வழுக்கிக்கிட்டே இருக்கும். இதுக்கு நெமாட்டிக் வகைன்னு பேரு. கால்குலேட்டர், டிஜிட்டல் வாட்ச், எல்சிடி டிவி எல்லாத்துலயும் இருக்கறது இந்த வகைதான். மின்சாரம் கொடுத்தா குச்சிகள் திரும்பும். அது வழியாப் போற ஒளியோட தளவிளைவு மாறும். வெளிச்சம் வரும், நிக்கும்.

இதுல ஒரு சங்கடம். பேங்க்ல ஸ்பிரிங் வெச்ச கதவு இருக்குமே, அது மாதிரி. தள்ளினா சட்டுனு திறக்கும். மூடறது நம்ம கையில இல்லை, அதுவா மெதுவா வந்து மூடிக்கும். நெமாட்டிக்ல மின்சாரத்தை எடுத்ததும் குச்சிகள் தானாத்தான் பழைய இடத்துக்கு வரணும். அதுக்குச் சில மில்லிசெகண்ட் ஆகும்.

இங்கதான் நம்ம ஆள் வர்றார். 1975-ல ராபர்ட் மேயர்னு அமெரிக்க இயற்பியலாளர். அவர் யோசிச்சது வேற வகைத் திரவப்படிகம் பத்தி. குச்சிகள் அடுக்கடுக்கா, வரிசை கட்டி நிக்கும். நிமிர்ந்து நிக்காம கொஞ்சம் சாஞ்சு நிக்கும். அதோட அந்த மூலக்கூறுக்கு இடக்கை வலக்கை மாதிரி ஒரு 'கை வாட்டம்' இருந்தா, ஒவ்வொரு அடுக்குலயும் பக்கவாட்டுல ஒரு மின்முனைப்பு தானா வந்தே தீரும்னு காகிதத்துலயே சொன்னார். பிரான்ஸ்ல ஓர்சே நகரத்து வேதியியல்காரங்க அப்படி ஒரு பொருளைச் செஞ்சு கொடுத்தாங்க. சொன்னபடியே இருந்துது. இரும்புக் காந்தம் காந்தத்தன்மையைத் தனக்குள்ளயே வெச்சிருக்கற மாதிரி மின்முனைப்பைத் தனக்குள்ளயே வெச்சிருக்கறதால ஃபெர்ரோஎலக்ட்ரிக்னு பேரு. மத்தபடி இதுல இரும்பு எதுவும் இல்லை.

1980-ல நோயல் கிளார்க், ஸ்வென் லாகர்வால்னு ரெண்டு பேர் அடுத்த படி ஏறினாங்க. இந்தச் சரக்கை ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ரெண்டே மைக்ரான் அளவு இடைவெளியில அடைச்சாங்க. ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அவ்வளவு நெருக்கடியில குச்சிகளுக்கு ரெண்டே நிலைதான் மிச்சம். இடப்பக்கம் சாயலாம், வலப்பக்கம் சாயலாம். மின்சாரம் ஒரு திசையில கொடுத்தா இடம், மாத்திக் கொடுத்தா வலம். ஸ்பிரிங் கதவு இல்லை, தாழ்ப்பாள். போடறதும் நம்ம கைதான், எடுக்கறதும் நம்ம கைதான். அதனால வேகம் மைக்ரோசெகண்ட் கணக்குக்கு வந்துடுச்சு. நெமாட்டிக்கை விட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வேகம்.

இன்னொண்ணு, மின்சாரத்தை நிறுத்தினாலும் கடைசியா எந்தப் பக்கம் சாஞ்சுதோ அப்படியே நிக்கும். எங்க ஊர்க்காரனுக்கு இது சட்டுனு புரியும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்ல குடவோலைக் கல்வெட்டு இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலம், 919-லயும் 921-லயும் வெட்டினது. வெட்டினவன் கையை எடுத்து 1100 வருஷம் ஆச்சு, எழுத்து அப்படியே நிக்குது. அந்த மாதிரி ஞாபகம்.

வேகம் இருக்கு, ஞாபகம் இருக்கு, பிறகென்ன? டிவி பண்ண வேண்டியதுதானே? ஜப்பான்ல கேனான் கம்பெனி இறங்கிச்சு. 1990-களோட நடுவுல 15 அங்குலத் திரையைக் கடைக்கே கொண்டுவந்தாங்க. ஆனா அந்தப் பந்தயத்துல ஜெயிச்சது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வெச்ச நெமாட்டிக் திரை. ஏன்னு கேட்டா, மெக்கானிக் பாஷையில குறைப் பட்டியல் இதோ:

ஒண்ணு. நடுநிலை தெரியாது. கறுப்பு, இல்லைன்னா வெள்ளை. டிவிக்கு ஒவ்வொரு நிறத்துலயும் 256 படி சாம்பல் வேணும். இது ரெண்டே பதில் சொல்லும்.

ரெண்டு. அடி தாங்காது. சாதா எல்சிடி திரையை விரலால அழுத்தினா கலர் பரவி, விட்டதும் சரியாயிடும். இதுல அடுக்கு வரிசை ஒரு தடவை கலைஞ்சா தானா சேராது.

மூணு. ரெண்டு மைக்ரான் இடைவெளியைப் பெரிய கண்ணாடி முழுக்க ஒரே சீரா வெக்கறது உயிர் போற வேலை.

நாலு. ஒரே திசையில மின்சாரம் கொடுத்துக்கிட்டே இருந்தா உள்ள அயனிகள் ஒரு பக்கமாச் சேர்ந்து பொருளைக் கெடுத்துடும். அதனால சிலிக்கான் சில்லு மேல பண்ற சின்னத் திரைகள்ல ஒவ்வொரு படத்தையும் காட்டின அதே நேரத்துக்கு, அதோட நெகட்டிவையும் போட்டாகணும். கறுப்பு வெள்ளையா, வெள்ளை கறுப்பா. நெகட்டிவ் ஓடும்போது விளக்கை அணைச்சுடணும், இல்லைன்னா பார்க்கறவனுக்குப் படமே தெரியாது. அதாவது பாதி நேரம் இருட்டு.

கடைக்கு இப்படி ஒரு செட்டு வந்தா 'ரிப்பேர் பண்ணினா கட்டுப்படியாகாது சார்'னு சொல்லி அனுப்பிடுவேன்.

இப்ப ஹோலோகிராமுக்கு வருவோம். அதுக்கு எங்க ஊர் ஏரிக்கரைக்கு வாங்க. கல்வெட்டுல இதுக்குப் பேரு வைரமேகத் தடாகம். பல்லவர் காலத்துப் பேரு. குடவோலை முறையில 30 குடும்புகள்ல இருந்து 30 பேரை எடுத்து, அதுல 6 பேரை ஏரி வாரியத்துக்குன்னே ஒதுக்கினாங்கன்னா பார்த்துக்கோங்க, ஏரி அவ்வளவு முக்கியம்.

காத்தில்லாத நேரத்துல ஏரியில ரெண்டு கல்லைப் பக்கத்துப் பக்கத்துல போடுங்க. ரெண்டு வட்டமும் விரிஞ்சு மோதும். மேடும் மேடும் சேர்ந்த இடத்துல தண்ணி உசரும். மேடும் பள்ளமும் சேர்ந்த இடத்துல தண்ணி சும்மா கெடக்கும். பள்ளிக்கூடத்துல குறுக்கீட்டு விளைவுன்னு படிச்சோமே, அதான். இப்ப லட்சம் கல்லைச் சரியான கணக்குல போட முடிஞ்சா? எதிர்க்கரையில எந்த இடத்துல தண்ணி உசரணும், எங்க சும்மா கெடக்கணும்னு நாம தீர்மானிக்கலாம். தண்ணியில படம் போடலாம்.

ஒளியும் அலைதான். லேசர் ஒளி ஒரு சில்லு மேல விழுது. சில்லுல லட்சக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கல். 'மேடு முதல்ல' னு ஒளியை அனுப்பலாம், இல்லை 'பள்ளம் முதல்ல' னு திருப்பி அனுப்பலாம். எந்தப் புள்ளி எப்படின்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுக்கும். அங்கிருந்து கிளம்பின அலையெல்லாம் ஒரு லென்ஸ் வழியாப் போய்ச் சேர்ற இடத்துல படம் வரும். சில்லைப் பார்த்தா படம் இருக்காது, வெறும் புள்ளிக்கோலம் கலைஞ்ச மாதிரி இருக்கும். படம் தூரத்துலதான் பிறக்குது.

இதைத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுத் தறிக்கிட்ட உக்காந்து அவருக்குச் சொன்னேன். ஏரி வரைக்கும் தலையாட்டினார். "ரெண்டே பதில்ல படம் எப்படிடா வரும்?"னு நிறுத்திட்டார். மேல ஜக்கார்டுல அட்டைகள் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"மாமா, இந்த அட்டையில ஓட்டை இருந்தா என்ன ஆகும்?"

"பாவு இழை ஏறும்."

"இல்லைன்னா?"

"அப்படியே கெடக்கும்."

"பாதி ஏறுமா?"

"பாதி ஏறினா நாடா போய் அடிச்சு இழை அறுந்துடும். ஏறினா முழுசா ஏறணும்."

"அப்ப மயில் கழுத்துல அந்த நெளிவு எங்கருந்து வருது?"

அவர் சிரிச்சுட்டார். "அப்ப இதுவும் அட்டைதான்னு சொல்றே."

அட்டைதான். ஒரே வித்தியாசம், தறியில ஒரு இழை மயிலோட ஒரு இடத்துக்குத்தான் பொறுப்பு. ஹோலோகிராம்ல ஒவ்வொரு புள்ளியும் மயில் முழுசுக்கும் பொறுப்பு. மாமா உடனே அடுத்த கேள்வி கேட்டார், நெசவாளி கேக்கற கேள்வி: "அப்ப ஒரு இழை அறுந்தா?" ஓட்டை விழாது மாமா, படம் முழுக்க ஒரு துளி மங்கும், அவ்வளவுதான்னேன். "பரவாயில்லையே, நம்ம தறியை விட நல்ல தறி."

இப்ப மேல போட்ட குறைப் பட்டியலை மறுபடி எடுங்க.

நடுநிலை தெரியாது? தேவையில்லை. படத்துல வர்ற சாம்பல் படிகள் அலைகள் கூடிக் கழிஞ்சு தானா வரும். சில்லு மேடு, பள்ளம்னு ரெண்டு பதில் சொன்னாப் போதும்.

அடி தாங்காது, பெரிசா பண்ண முடியாது? பெரிசே வேண்டாம். விரல் நகம் அளவு சில்லு, கருவிக்குள்ள பத்திரமா இருக்கும். யாரும் விரலால அழுத்தப் போறதில்லை.

நெகட்டிவ் தொல்லை? இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஹோலோகிராமோட நெகட்டிவ் என்ன? எல்லா மேடும் பள்ளம், எல்லாப் பள்ளமும் மேடு. ஏரியில எல்லாக் கல்லையும் அப்படி மாத்திப் போட்டாலும் தண்ணி ஆடற இடம் ஆடும், சும்மா கெடக்கற இடம் சும்மா கெடக்கும். கண்ணுக்குத் தெரியறது அலையோட பலம்தான், முதல்ல வந்தது மேடா பள்ளமாங்கறது இல்லை. அதனால நெகட்டிவும் அதே படத்தைத்தான் காட்டும்! விளக்கை அணைக்கவே வேண்டாம். டிவியில பாதி வெளிச்சத்தைத் தின்ன குறை, இங்க குறையாவே கணக்குல வரலை. இதைச் சொன்னப்ப அக்கா பொண்ணு முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. அவளுக்கு இது ஏற்கனவே தெரியும். எனக்குப் புரிஞ்சுதேன்னு அவளுக்குச் சந்தோஷம்.

அதுக்காக எல்லாம் சுகம்னு ஜல்லியடிக்க மாட்டேன். ரெண்டே பதில் சொல்றதுக்கு ஒரு விலை உண்டு. படம் கூடவே தலைகீழா ஒரு இரட்டைப் படமும் வரும், தடுக்க முடியாது. ரெண்டு நிலைக் கட்ட ஹோலோகிராம்ல நமக்கு வேணும்கற பக்கம் போறது அதிகபட்சம் 100-க்கு 40 பங்கு ஒளிதான். குச்சிகள் திரும்பற கோணம் 45 டிகிரிதான்னா அதுலயும் பாதி போயிடும். படத்துல புள்ளிப் புள்ளியா இரைச்சலும் இருக்கும். இந்த இரைச்சலைச் சமாளிக்கத்தான் வேகம். ஒரே படத்துக்கு வேற வேற ஹோலோகிராம் நிறையப் போட்டுச் சடசடன்னு மாத்திக்கிட்டே இருந்தா, ஒவ்வொண்ணுலயும் இரைச்சல் வேற இடத்துல விழும், படம் மட்டும் ஒரே இடத்துல விழும். கண்ணு சராசரி எடுத்துக்கும். கேம்பிரிட்ஜ்ல லைட் ப்ளூ ஆப்டிக்ஸ்னு ஒரு கம்பெனி இந்த வழியிலதான் லேசர் ப்ரொஜெக்டர் பண்ணி, 2010-ல லைட் டச்னு ஒண்ணைக் காட்டினாங்க. மேஜை மேல படம் விழும், விரலால தொடலாம்.

அதை விட என்னை அசத்தினது நுண்ணோக்கி. சாதா ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது. ஆனா மாதிரி மேல வரிவரியா ஒளியைப் போட்டு, வரியை மூணு திசையில, திசைக்கு மூணு தடவை நகர்த்தி, 9 படம் எடுத்துக் கணக்குப் போட்டா அதுல பாதி அளவு வரைக்கும் பார்க்கலாம். செத்த செல்லுன்னா மெதுவா எடுக்கலாம். உயிரோட இருக்கற செல் நகருமே? 9 படம் முடியறதுக்குள்ள அது அசையக்கூடாது. 2009-ல மேட்ஸ் குஸ்டாஃப்சனோட குழு இந்த வரிகளைப் போட ஃபெர்ரோஎலக்ட்ரிக் சில்லை வெச்சு, உயிருள்ள செல்லை வீடியோவே எடுத்துட்டாங்க. 2014-ல எரிக் பெட்சிக் குழு கொண்டுவந்த 'லாட்டிஸ் லைட் ஷீட்' நுண்ணோக்கியிலயும் ஒளியை மெல்லிசுத் தகடாச் செதுக்கறது இதே மாதிரி சில்லுதான். ஸ்காட்லாந்துல ஃபோர்த் டைமென்ஷன் டிஸ்ப்ளேஸ்னு ஒரு கம்பெனி பண்ணினது. வரவேற்பறைக்கு வரவேண்டிய சரக்கு, செல் பிளக்கறதைப் பார்க்க உக்காந்திருக்கு.

மாமாகிட்ட இதெல்லாம் சொல்லும்போது "வெள்ளைக்காரன் பேரா சொல்றியே, நம்ம ஆளு யாரும் இல்லையா?"ன்னார். இருக்காங்க மாமா. நல்லாவே இருக்காங்க.

திருவானைக்காவல்ல பிறந்த சர் சி.வி. ராமனுக்கு ஒரு தங்கை, சீதாலட்சுமி. அவங்க பிள்ளைகள்ல ஒருத்தர் பஞ்சரத்னம். 1956-ல, 22 வயசுல, பெங்களூர்ல ராமனோட ஆய்வு நிலையத்துல இருந்தப்ப, ஒளியோட தளவிளைவு நிலை மாறி மாறிச் சுத்தித் திரும்பி வந்தா அலையோட கட்டம் எவ்வளவு நகர்ந்திருக்கும்னு ஒரு கணக்குப் போட்டார். இந்திய அறிவியல் அகாடமியோட இதழ்ல வந்துச்சு. ரொம்பப் பேர் கண்டுக்கலை. 1969-ல, 35 வயசுல ஆக்ஸ்ஃபோர்டுல இறந்துட்டார். 1984-ல மைக்கேல் பெர்ரி குவாண்டம் பக்கத்துல இருந்து வடிவியல் கட்டம்னு ஒண்ணைச் சொன்னார். அதே மாதிரி விஷயம் பஞ்சரத்னம் எழுதினதுல ஏற்கனவே இருக்குன்னு 1986-ல ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் எடுத்துக் காட்டினாங்க. இன்னிக்கு அதுக்கு பஞ்சரத்னம் கட்டம்னே பேரு. குச்சிகளைத் தளத்துக்குள்ளயே திருப்பி ஒளியோட கட்டத்தை மாத்தற வேலைக்கெல்லாம், நம்ம சரக்கு உட்பட, அந்தக் கணக்குதான் அளவுகோல்.

அவரோட அண்ணன் எஸ். சந்திரசேகர். (நட்சத்திரங்களைப் படிச்சு நோபல் வாங்கின சந்திரசேகர் வேற, இவர் வேற.) 1977-ல சதாசிவா, சுரேஷ் ரெண்டு பேரோட சேர்ந்து, குச்சி வடிவம் இல்லாம தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப்படிகம் ஆகும்னு கண்டுபிடிச்சார். நம்ம நாட்டு இதழான பிரமாணாவுல வெளியிட்டார். அப்ப அதால என்ன பிரயோஜனம்னு யாரும் சொல்லியிருக்க முடியாது. பின்னால ஃபூஜி கம்பெனி எல்சிடி திரையைச் சாய்ச்சுப் பார்த்தாலும் படம் மங்காம இருக்க ஒட்டற படலத்தை அந்தத் தட்டு மூலக்கூறுகளை வெச்சுத்தான் பண்ணினாங்க. ஓய்வு பெற்றதுக்கு அப்புறமும் சந்திரசேகர் விடலை. 1991-ல பெங்களூர்ல திரவப்படிக ஆய்வு மையம் தொடங்கினார். இடம் கொடுத்தது பெல் நிறுவனம். ஓட்டு மெஷின் பண்றாங்களே, அதே பெல். குடவோலை ஊர்க்காரன் இதைச் சொல்லாம விட முடியுமா :-)

நம்ம பக்கத்துலயும் உண்டு. சத்தியமங்கலத்துல பண்ணாரி அம்மன் கல்லூரியில ஹைட்ரஜன் பிணைப்பால ரெண்டு மூலக்கூறைக் கோத்து ஃபெர்ரோஎலக்ட்ரிக் திரவப்படிகங்கள் செஞ்சு, ஒளியை விட்டு மறிக்கற குணத்தையெல்லாம் அளந்து, கட்டுரைகள் போட்டிருக்காங்க. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துலயும் இந்தச் சரக்குல பல வருஷ வேலை நடந்திருக்கு.

மாமா எல்லாத்தையும் கேட்டுட்டு, சரிகைக் கண்டை ஓரமா வெச்சுட்டு, "சரி, சம்பளம்?"ன்னார்.

மறைக்காம சொன்னேன். 2023-ல உயர்த்தின கணக்குப்படி ஜேஆர்எஃப் மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம். அப்புறம் எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. அதுக்கப்புறம் உத்தரவாதம் எதுவும் இல்லை. இந்தச் சில்லு பண்ற தொழிற்சாலை நம்ம பக்கத்துல கெடையாது. ஹோலோகிராமுக்கே இன்னிக்குப் பெரும்பாலும் நெமாட்டிக் சில்லுதான் ஓடுது, மெதுவா இருந்தாலும் அது கட்டத்தைப் படிப்படியா மாத்தும். வேகம்னா குட்டிக் குட்டிக் கண்ணாடி ஆடற டிஎம்டி சில்லு போட்டிக்கு நிக்குது. இதெல்லாம் சொல்லாம 'ஓஹோன்னு வருவா மாமா'ன்னா அது பொண்ணுக்கே துரோகம்.

பொண்ணு அதையும் மறுக்கலை. அவ சொன்னது வேற. 1916-ல மேக்ஸ் போர்ன், அடுக்கு எதுவும் இல்லாத சாதா நெமாட்டிக்லயே மின்முனைப்பு வரலாம்னு ஊகிச்சாராம். நூறு வருஷம் யாரும் பார்க்கலை. 2017-ல இங்கிலாந்துலயும் ஜப்பான்லயும் தனித்தனியா ரெண்டு குழு விசித்திரமான பொருள்களைச் செஞ்சாங்க. 2020-ல அதுல ஒண்ணு போர்ன் சொன்னதேதான்னு அமெரிக்காவுல ஒரு குழு நிரூபிச்சாங்க. அந்தக் குழுவுல யாரு தெரியுமா? 1980-ல ரெண்டு மைக்ரான்ல அடைச்ச அதே நோயல் கிளார்க். நாப்பது வருஷம் கழிச்சு! அடுக்கு இல்லாததால கலைஞ்சா மறுபடி சேர்ந்துக்குமாம். "இப்பத்தான் கதவே திறந்திருக்கு, நான் வெளிய நின்னுக்கிட்டு பி.எட் படிக்கணுமா?"ன்னா.

அப்புறம் அப்பாவைப் பார்த்துச் சொன்னா. "உங்க அட்டையை யாரோ ஒருத்தர் குத்தித்தானேப்பா கொடுக்கறாங்க. எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு."

மாமா பதில் சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சு அக்கா போன் பண்ணி, "பெட்டி வாங்கணும்டா, பெரிய சைஸ் எங்க கிடைக்கும்?"னு கேட்டா. கல்யாணப் பேச்சை அக்கா விட்டுடலை, தள்ளி வெச்சிருக்கா. அது அவ உரிமை. 28 வயசு பத்தின பயத்துக்கு எந்தப் பௌதிகத்துலயும் பதில் இல்லை, நானும் இருக்கற மாதிரி பேசலை.

சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. முதல் வேலையா ஃபெர்ரோஎலக்ட்ரிக் எதையும் கண்ணுல காட்டலையாம். கண்ணாடியைக் கழுவு, மேல பாலிமைடு பூசு, வெல்வெட் துணியால ஒரே திசையில தேய். அந்தத் தேய்ப்புல விழற கண்ணுக்குத் தெரியாத வரியைப் பார்த்துத்தான் மூலக்கூறு எல்லாம் வரிசையில நிக்குமாம். தேய்ப்பு கொஞ்சம் பிசகினாலும் நுண்ணோக்கியில திட்டுத் திட்டாத் தெரியுமாம். போன்ல இதைக் கேட்டுட்டு மாமா அரை மணி நேரம் துணி எந்த ரகம், குச்சம் எந்தப் பக்கம் படுக்குதுன்னு விசாரிச்சிருக்கார்.

ஒரு உதவி. ஃபெர்ரோஎலக்ட்ரிக்குக்கு அயமின்னு ஒரு தமிழ்ச் சொல் பார்த்தேன். அயம்னா இரும்பு. இரும்பே இல்லாத சரக்குக்கு அந்தப் பேரு எனக்குக் கொஞ்சம் உறுத்துது, இங்கிலீஷ்லயும் அதே கூத்துதான்னாலும். வேற நல்ல சொல் தோணினா பின்னூட்டத்துல போடுங்க. பொண்ணுகிட்ட சொல்லி வெக்கறேன், அஞ்சு வருஷத்துல அவ தமிழ்ல ஒரு கட்டுரையாவது எழுதணும்னு வாக்கு வாங்கியிருக்கேன்.

டிஸ்கி: ஓஎல்இடி டிவி வாங்கலாமா வேண்டாமான்னு இந்தப் பதிவுக்குக் கீழ கேக்காதீங்க. கடைக்கு வாங்க, டீயோட பேசுவோம்.